தறி சொல்லிக்கொடுத்த ஏபிசிடி

கிருஷ்ணவேணிக்கு இங்கிலீஷ் எழுதத் தெரியும் என்பதில் அந்தத் தெருவில் ஒருவருக்கும் சந்தேகம் கிடையாது. சந்தேகப்படுவதற்கு அவர்களுக்கு இங்கிலீஷ் தெரிந்திருக்க வேண்டுமே! சின்ன காஞ்சிபுரத்தில், பெருமாள் கோயில் மதிலிலிருந்து கூப்பிடு தூரத்தில் முப்பது வீடும் நாற்பது தறியும் உள்ள தெரு அது. எழுபத்தொன்றாம் வருஷம் அங்கே இங்கிலீஷ் தெரிந்த ஒரே ஆள், கோடி வீட்டில் வாடகைக்கு இருந்த நர்ஸ் லில்லி. இரண்டாவது ஆள் தான்தான் என்று கிருஷ்ணவேணி சொல்லிக்கொண்டாள். மூன்றாவது ஆள் இல்லாததால் அது நிலைத்துவிட்டது.

அவள் இங்கிலீஷ் கற்றுக்கொண்டது பொழுதுபோகாமல் அல்ல. புருஷன் தர்மன் காய்ச்சலில் போய்ச் சேர்ந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. அந்தத் தெருவில் பெண்கள் நூல் இழைப்பார்கள், பாவு பிணைப்பார்கள், தறியில் உட்கார்ந்து நாடா வீசமாட்டார்கள். கிருஷ்ணவேணி, தர்மன் இருந்தபோது சொல்லிக்கொடுத்ததை வைத்துக்கொண்டு, அவன் காரியம் முடிந்த மறுமாதமே தறிக்குழிக்குள் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்துவிட்டாள். தெரு வாயைப் பிளந்தது. தர்மனின் அண்ணன் ஆதிகேசவனுக்கு அது பிடிக்கவில்லை. தறியும் வீடும் அவர்கள் அப்பா வழி வந்தவை. தன் இரண்டாவது மகனுக்குத் தறியை எடுத்துக்கொடுத்துவிட்டு, தம்பி பெண்டாட்டியை ஏழு வயசு மகள் பட்டம்மாளோடு ஐயம்பேட்டைக்கு, அவள் அண்ணன் வீட்டுக்கு, அனுப்பிவிடலாம் என்று அவர் கணக்குப் போட்டிருந்தார்.

ஐயம்பேட்டை என்றாலே கிருஷ்ணவேணிக்கு ஆகாது. அண்ணன் நல்லவர்தான், வாய் திறக்கமாட்டார். அண்ணி திறந்தால் மூடமாட்டாள். தர்மன் போன புதிதில் பத்து நாள் அங்கே இருந்தபோது குழந்தை இரண்டாவது தடவை சோறு கேட்டதற்கு அண்ணி ஒரு பார்வை பார்த்தாள் பாருங்கள், அந்தப் பார்வையைச் சாகும்வரை மறக்க முடியாது. அங்கே போவதைவிடத் தறிக்குழியிலேயே மண்ணைத் தள்ளி மூடிக்கொள்ளலாம் என்று அவள் லில்லியிடம் சொல்லி அழுதிருக்கிறாள்.

அந்த வருஷம்தான் பெரிய காஞ்சிபுரத்தில் கைத்தறிக் காட்சிக்கூடம் ஒன்று திறக்கப்போவதாகப் பேச்சு வந்தது. கோயில் பார்க்க வரும் வெள்ளைக்காரர்கள் அங்கேயும் வருவார்கள். அவர்கள் முன்னால் தறியில் உட்கார்ந்து நெய்துகாட்ட, நாலு வார்த்தை இங்கிலீஷில் எடுத்துச் சொல்ல ஒரு நெசவாளர் வேண்டும். சர்க்கார் உத்தியோகம். பேசவும் எழுதவும் தெரிந்திருக்க வேண்டும். சேதி தெருவுக்கு வந்த சாயங்காலம் பிள்ளையார் கோயில் எதிரே நாலு பேர் நடுவில் ஆதிகேசவன் சிரித்தார்.

"நம்ம வூட்டுப் பொம்பளை போவட்டுமே. தை பொறக்கறதுக்குள்ள சர்க்கார் உத்தியோகம் வாங்கிக்கினு வந்துட்டா தறியும் அவளுக்குத்தான், வூடும் அவளுக்குத்தான். நான் ஏன் கேக்கப் போறேன்?"

கிண்டலுக்குச் சொன்னதுதான். ஆனால் நாலு பேர் கேட்டாயிற்று. அந்தத் தெருவில் பிள்ளையார் எதிரே சொன்ன வார்த்தையை யாரும் திருப்பி எடுத்துக்கொள்ள முடியாது. கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்த கிருஷ்ணவேணி மகளைக் கூப்பிட்டாள். புருஷனின் அண்ணன் முகம் பார்த்துப் பேசும் வழக்கம் அந்தக் குடும்பத்தில் கிடையாது. கல்யாணமாகிப் பதினோரு வருஷத்தில் அவள் ஆதிகேசவனிடம் நேருக்கு நேர் ஒரு வார்த்தை பேசியதில்லை. எதுவானாலும் குழந்தை வழியாகத்தான். "பட்டம்மா, சரின்னு சொல்லிட்டு வா," என்றாள். குழந்தை ஓடிப்போய்ச் சொல்லிவிட்டு வந்தது.

பேச்சு இங்கிலீஷை லில்லி சொல்லிக்கொடுத்தாள், தெருக்குழாயடியில், குடம் நிறையும் நேரத்தில். லில்லி இவளைவிட ஆறு வயசு இளையவள், அக்கா என்றுதான் கூப்பிடுவாள். திஸ் இஸ் எ பாட். திஸ் இஸ் வாட்டர். ஐ ஹேவ் எ பாட், ஷி ஹேஸ் எ பாட். எனக்கு ஹேவ், அவளுக்கு ஹேஸா, ஒரே குடம்தானே என்று கிருஷ்ணவேணி சண்டைக்குப் போவாள். நேற்று குடித்ததற்கு ஒரு சொல், இன்றைக்குக் குடிப்பதற்கு ஒரு சொல், நாளைக்குக் குடிக்கப்போவதற்கு நடுவில் ஒரு வில். அதெல்லாம்கூடப் பரவாயில்லை. ஒருநாள், பெரியவர்களைக் கூப்பிட எந்தச் சொல் என்று கேட்டாள். யூ என்றாள் லில்லி. சின்னப் பிள்ளையை? யூ. டாக்டரை? அதுவும் யூ. நாயை? லில்லி யோசித்துவிட்டு யூதான் என்றாள்.

கிருஷ்ணவேணிக்குக் குடம் வழிந்தது தெரியவில்லை. டாக்டருக்கும் நாய்க்கும் ஒரே சொல் வைத்துக்கொண்டு அந்த ஊரில் எப்படித்தான் குடித்தனம் பண்ணுகிறார்களோ என்று அன்று முழுக்க மாய்ந்துபோனாள். மாமனார், மாமியார், புருஷனின் அண்ணன், எல்லாரையும் யூ என்று மனசுக்குள் சொல்லிப் பார்த்தாள். உடம்பு கூசியது. திரும்பவும் சொல்லிப் பார்த்தாள்.

எழுத்தையும் சொல்லித்தருகிறேன், சிலேட்டு கொண்டுவாருங்கள் என்று லில்லி எத்தனையோ தடவை கூப்பிட்டாள். அங்கேதான் கிருஷ்ணவேணிக்கு மூக்குக்கு மேல் கௌரவம்.

"எழுத்து எனக்குத் தறியே சொல்லிக் குடுத்துட்டுது லில்லி. நீ பேச்சைச் சொல்லிக் குடு, போதும்."

பொய் இல்லை. ஒன்றரை வருஷமாக அவள் நெய்துகொண்டிருந்தது புடவை அல்ல. வெளிநாட்டில் குழந்தைகள் அறைச் சுவரில் மாட்டுவதற்காம், ஒரு முதலாளி கொடுத்த வேலை. ஒரு முழம் அகலப் பட்டுத் துணியில் ஏ முதல் இசட் வரை பெரிய எழுத்துகள் ஜரிகையில், ஒவ்வொன்றின் கீழேயும் ஒரு படம், படத்தின் பேர். மீன், தொப்பி, வீடு, குடை. எந்த இழை எழ வேண்டும் என்பதற்கான துளைகளை டிசைன் அட்டையில், அந்த வேலைக்கென்றே இருந்த முனிசாமி குத்திக் கொடுத்துவிடுவார். இவள் மிதிக்க மிதிக்க எழுத்து தானே எழுந்து வரும். பதினான்கு துணி நெய்துவிட்டாள். ஒவ்வொரு எழுத்தும் இழை இழையாகக் கண்ணுக்கு முன்னால் வளர்ந்ததைப் பார்த்தவளுக்கு அது மறக்குமா? எந்த எழுத்துக்கு என்ன பேர், எந்த வார்த்தைக்கு எந்தெந்த எழுத்து என்று மட்டும் லில்லியிடம் வரிசையாக வாயாலேயே கேட்டு மனப்பாடம் செய்துகொண்டாள். அப்புறம் தறிக்குப் பின்சுவரில் கரிக்கட்டியால் எழுதிப் பழகினாள். சரசரவென்று வந்தது. குழாயடியோடு டூட்டிக்கு ஓடிவிடும் லில்லியைத் தவிர, தெருவே வந்து வேடிக்கை பார்த்துவிட்டுப் போனது. ஆதிகேசவன்கூட ஒருநாள் எட்டிப் பார்த்து, முகம் சுருங்கி, திரும்பிப் போனார்.

ஒரே ஒரு விஷயம் அவளுக்கு உறுத்தியது. பஸ் ஸ்டாண்டுப் பலகையிலும் சினிமாக் கொட்டகை வாசலிலும் இருந்த இங்கிலீஷ் எழுத்தில் பாதி இவள் எழுத்து மாதிரியே இருந்தது, ஏ, எச், எம், ஓ, எக்ஸ் எல்லாம் அச்சாக அதேதான். மீதிப் பாதி வேறு மாதிரி இருந்தது. லில்லியிடம் மேலோட்டமாகக் கேட்டாள், இங்கிலீஷில் எழுத்து ஒரே விதமா என்று. நாலு விதம் அக்கா, பெரிய எழுத்து, சின்ன எழுத்து, அச்செழுத்து, கையெழுத்து என்றாள் லில்லி. அப்பாடா என்றிருந்தது கிருஷ்ணவேணிக்கு. பலகையில் இருப்பது வேறு விதம், தன்னுடையது ஒரு விதம். அதோடு அந்தக் கவலையை மூட்டை கட்டிவிட்டாள்.

மார்கழி மாதம் ஒரு புதன்கிழமை காலை பதினோரு மணிக்கு வரச்சொல்லிக் கார்டு வந்தது. லில்லி தன் பேனாவைக் கொடுத்து அனுப்பினாள். காட்சிக்கூடத்தில் இன்னும் சுண்ணாம்பு வாசனை போகவில்லை. வந்திருந்த ஆறு பேரில் இவள் ஒருத்திதான் பெண். அதிகாரி பஞ்சாட்சரம் மூக்குக்கண்ணாடி போட்ட, அவசரப்படாத மனுஷர். பக்கத்தில் ஒரு குமாஸ்தா.

பேச்சில் அவள் பிய்த்து உதறிவிட்டாள். பேர் என்ன, எங்கே இருக்கிறாய், இது என்ன, அது என்ன என்று பஞ்சாட்சரம் இங்கிலீஷில் கேட்கக் கேட்க, குழாயடியில் பதில் சொல்கிற மாதிரி சொன்னாள். கூடத்தில் போட்டிருந்த தறியைக் காட்டி, திஸ் இஸ் எ லூம், மை ஹஸ்பண்ட் டாட் மீ, நௌ ஐ வீவ் என்றாள். முன்னால் வந்த ஆண்கள் மூன்று பேர் மை நேம் இஸ் என்பதற்கு மேல் போகவில்லை. பஞ்சாட்சரத்தின் முகம் மலர்ந்தது. பரவாயில்லையே என்று குமாஸ்தாவிடம் சொன்னது இவள் காதில் விழுந்தது. தறி நமதுதான் என்று அப்போதே நினைத்துவிட்டாள்.

பிறகு ஒரு வெள்ளைத்தாளைக் கொடுத்து, பேர், ஊர், அப்புறம் உன்னைப் பற்றி ஐந்து வரி எழுதும்மா என்றார். அவள் பேனாவைத் திறந்தாள். தாளின் வலது ஓரத்தில் நிப்பை வைத்தாள். நிறுத்தாமல், அடிக்காமல், இடது பக்கமாக எழுதிக்கொண்டே போனாள். ஏழு வரி முடித்து, ஊதிக் காயவைத்து, மரியாதையாக இரண்டு கையாலும் நீட்டினாள்.

பஞ்சாட்சரம் தாளைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். தலைகீழாகத் திருப்பினார். குமாஸ்தா எட்டிப் பார்த்துவிட்டு ஒரு அடி பின்னால் நகர்ந்தார்.

"இது இன்னாம்மா?"

"இங்கிலீஷுங்க."

வலப்பக்கத்திலிருந்து எழுதினாளே, உருதுவாக இருக்குமோ என்றார் குமாஸ்தா. கைத்தறி மூட்டை இறக்க வந்திருந்த ஆற்காட்டு பாயைக் கூப்பிட்டுக் காட்டினார்கள். அவர் பார்த்துவிட்டு, இது எங்க எழுத்தும் இல்ல சாமி என்று தாளைத் தொடாமலே கையை எடுத்துக்கொண்டார். காத்திருந்த ஆண்களில் ஒருத்தர், எலுமிச்சம்பழத்தோடு வைக்கிற மந்திரத் தகட்டில்தான் இப்படிப் பார்த்திருப்பதாக மெதுவாகச் சொன்னார். கிருஷ்ணவேணிக்கு ஒன்றும் விளங்கவில்லை.

பஞ்சாட்சரத்துக்குக் கோபம் வந்துவிட்டது. அத்தனை அழகாகப் பேசினவள் தன்னைக் கேலி செய்கிறாள் என்று நினைத்தார். "விளையாடறியாம்மா? ஏபிசிடி எப்படி இருக்கும்னு தெரியாதா? அதோ பார்," என்று அவள் முதுகுக்குப் பின்னாலிருந்த சுவரைக் காட்டினார்.

திரும்பினாள். சுவரில் அவளுடைய துணி தொங்கிக்கொண்டிருந்தது. முதலாளி கூடத்துக்கு அலங்காரமாகக் கொடுத்தது போலும். அவள் மிதித்த ஜரிகை, அவள் வைத்த கரை, அவள் மீன், அவள் குடை. தன் பிள்ளையை அசலூரில் பார்த்தவளுக்கு வருமே, அந்தச் சந்தோஷம் ஒரு நொடி வந்தது. அடுத்த நொடி மீன் எதிர்ப்பக்கம் பார்த்துக்கொண்டிருப்பதைக் கவனித்தாள். பி எதிர்ப்பக்கம் வயிறு தள்ளி நின்றது. எழுத்து வரிசை இடப்பக்கத்தில் ஆரம்பித்தது.

"ஐயா, அதைத் திருப்பி மாட்டி வச்சிருக்கீங்க," என்றாள்.

சிரிப்பு வெடித்தது. குமாஸ்தா மேஜையைத் தட்டிச் சிரித்தார். பஞ்சாட்சரம் மட்டும் சிரிக்கவில்லை. எழுந்துபோய்த் துணியின் ஓரத்தைப் பிடித்து மறுபக்கத்தைத் திருப்பினார். அந்தப் பக்கத்தில் ஜரிகை மங்கி, நூல் நுனி பிசிறிக்கொண்டிருந்தது. மீன் சரியான பக்கம் பார்த்தது. பி, சி, டி எல்லாம் அவள் ஒன்றரை வருஷமாகப் பார்த்த மாதிரியே இருந்தன. கையிலிருந்த தாளையும் அதையும் அவர் மாறி மாறிப் பார்த்தார்.

"நெய்யும்போது எந்தப் பக்கம்மா மேலே இருக்கும்?" என்று கேட்டார்.

காத்திருந்த நெசவாளர்களுக்குச் சிரிப்பு நின்றுபோனது. அவர்கள் எல்லாருக்கும் பதில் தெரியும். ஜரிகை வேலையில் நல்ல பக்கம் கீழே இருக்கும், நெய்கிறவர் பார்ப்பது உள்பக்கம். நல்ல பக்கத்தை அடியில் கைவிட்டுத் தடவித்தான் சோதிப்பார்கள். அறுத்ததும் ஜரிகை கறுக்காமல் இருக்க நல்ல பக்கத்தை உள்ளே வைத்துச் சுருட்டி முதலாளியிடம் கொடுத்துவிடுவார்கள். பூவும் மாங்காயும் எந்தப் பக்கம் பார்த்தால் யாருக்கு என்ன? பதினான்கு துணி நெய்தவள் ஒன்றைக்கூட நேர்ப்பக்கம் பார்த்ததில்லை.

பஸ் ஸ்டாண்டுப் பலகை சரி. சினிமாக் கொட்டகை சரி. லில்லி வேலை செய்யும் ஆஸ்பத்திரி வாசல் சரி. உலகம் முழுக்கச் சரி, தான் ஒருத்திதான் தலைகீழ். சிலேட்டு கொண்டுவாருங்கள் என்ற லில்லியிடம் பெருமை பேசிய வாயைத் தைத்துக்கொள்ளலாம் போலிருந்தது கிருஷ்ணவேணிக்கு. ஐயம்பேட்டையும் அண்ணியின் அந்தப் பார்வையும் கண்ணுக்கு முன்னால் வந்து நின்றன. அழக்கூடாது என்று பல்லைக் கடித்தாள். கண்ணீர் அதற்கு முன்னாலேயே வந்துவிட்டது.

பஞ்சாட்சரம் துணியை விட்டுவிட்டார். அது பழையபடி நல்ல பக்கம் காட்டித் தொங்கியது. அவர் தாளை மேஜைமேல் வைத்து, பாவம் என்பது போல் உச்சுக்கொட்டி, அடுத்த பேரைக் கூப்பிடச் சொன்னார்.

அடுத்த ஆள் எழுந்தும் விட்டார். அப்போதுதான் கிருஷ்ணவேணி எட்டி அந்தத் தாளை எடுத்தாள். எப்படி அந்தத் தைரியம் வந்தது என்று பின்னால் அவளுக்கே தெரியவில்லை. உள்பக்கம் என்று ஒன்று இருந்தால் நல்ல பக்கம் என்று ஒன்று இருந்தே தீரும், அது நெசவாளிக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. விறுவிறுவென்று ஜன்னலுக்குப் போனாள். எழுதின பக்கத்தைக் கண்ணாடியில் ஒட்டவைத்து இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்தாள். வெளியே மார்கழி வெயில் பளிச்சென்று அடித்துக்கொண்டிருந்தது.

"ஐயா, நல்ல பக்கம் இந்தாண்ட இருக்குது," என்றாள்.

பஞ்சாட்சரம் வந்து நின்றார். மசி தாளின் பின்பக்கம் வழியாக நேராகத் தெரிந்தது. மெல்லப் படிக்க ஆரம்பித்தார். மை நேம் இஸ் கிருஷ்ணவேணி. ஐ லிவ் இன் சின்ன காஞ்சிபுரம். ஐ ஆம் எ வீவர். மை ஹஸ்பண்ட் இஸ் நாட் தேர். ஐ ஹேவ் ஒன் டாட்டர். திஸ் இஸ் மை லூம். எழுத்து ஒவ்வொன்றும் அளவெடுத்து நெய்தது போல் நின்றது. கடைசி வரிக்கு வந்ததும் அவர் குரல் கொஞ்சம் தயங்கியது.

"ஐ வில் நாட் கோ டு ஐயம்பேட்டை," என்று படித்துவிட்டு அவளைப் பார்த்தார். "ஐயம்பேட்டைக்கு உன்னை யாரும்மா போகச் சொன்னது?"

அவள் தாளைக் கண்ணாடியிலிருந்து எடுத்து, மறுபடி இரண்டு கையாலும் நீட்டினாள். அவர் அதை வாங்கி மேஜைமேல் வைத்தார். எழுதத் தெரிந்திருக்க வேண்டும் என்றுதானே விதி, எந்தப் பக்கத்திலிருந்து என்று போட்டிருக்கிறதா என்று குமாஸ்தாவைப் பார்த்துக் கேட்டார். குமாஸ்தா விதிப்புத்தகத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு, இல்லை என்று ஒப்புக்கொண்டார். முடிவு தபாலில் வரும், எடுத்துக்கொண்டவர்களுக்கு மட்டும் பேருக்குக் கீழே வீவர் என்று பெரிய எழுத்தில் டைப் அடித்து வரும், மற்றவர்களுக்கு அந்த வரி இருக்காது என்று எல்லாருக்கும் சொல்லி அனுப்பினார்கள்.

மார்கழி முடிந்தது. தபால் வரவில்லை. பொங்கல் வந்தது, போனது. லில்லி நடந்ததைக் கேட்டுத் தலையில் அடித்துக்கொண்டு, தினமும் சாயங்காலம் சிலேட்டோடு வந்து உட்கார்ந்தாள். கிருஷ்ணவேணியின் கை கேட்கவில்லை. ஒன்றரை வருஷப் பழக்கம் ஒரு மாதத்தில் திரும்புமா? பி எழுதச் சொன்னால் அது இன்னும் பழைய பக்கமே வயிற்றைத் தள்ளியது.

கனுப் பொங்கலுக்கு மறுநாள் காலையில் ஆதிகேசவன் கயிறும் கடப்பாரையுமாக இரண்டு ஆளோடு வந்துவிட்டார். தை பிறந்தாயிற்று என்று தெருவுக்குக் கேட்கும்படி சொன்னார். ஆட்கள் தறியின் மேல்கட்டையில் கயிற்றைச் சுற்றினார்கள். பாவு பாதி நெய்தபடி இருந்தது. அறுக்கட்டுமா என்று ஒருத்தன் கத்தியை எடுத்தான். கிருஷ்ணவேணி கதவுக்குப் பின்னால் குழந்தையை இடுப்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு நின்றாள். வாயைத் திறந்தால் ஓவென்று கத்திவிடுவோம் என்று பயமாக இருந்தது.

வாசலில் தபால்காரர் மணி அடித்தார். காக்கி நிறக் கவர், சர்க்கார் முத்திரை. மார்கழியிலேயே போட்ட கடுதாசி, பொங்கல் லீவில் தங்கிப்போச்சு என்றார். ஆட்கள் கயிற்றை அப்படியே விட்டுவிட்டுப் பார்த்தார்கள். தெருவில் நாலு தலை எட்டிப் பார்த்தது. அவள் கவரைப் பிரித்தாள். மெல்லிய தாளில் டைப் அடித்த கடிதம். பார்த்தாள். ஒரு வார்த்தையும் பிடிபடவில்லை, எல்லாம் நேராக இருந்தன. லில்லி டூட்டிக்குப் போயிருந்தாள். ஆதிகேசவன், இன்னா, இங்கிலீஷ் மறந்துபோச்சா என்று ஆட்களைப் பார்த்துச் சிரித்தார்.

கிருஷ்ணவேணி வாசற்படியைத் தாண்டித் தெருவுக்கு வந்தாள். கடிதத்தைப் பின்பக்கம் திருப்பினாள். தலைக்கு மேல் தூக்கி, வெயிலுக்கு எதிரே பிடித்தாள். இதென்ன, கடுதாசியை முதுகுப்பக்கம் பிடித்துக்கொண்டு நிற்கிறாள், பைத்தியம் பிடித்துவிட்டதா என்று யாரோ கேட்டார்கள். வெயிலில் எழுத்து ஊடுருவித் தெரிந்தது. சின்ன எழுத்துகள் அவளுக்குப் புரியவில்லை. நடுவில் பெரிய எழுத்தில் ஒரு வரி. கே, ஆர், ஐ என்று விரல் வைத்துக் கூட்டினாள். அது அவள் பேர். அதற்குக் கீழே இன்னொரு வரி இருந்தது. டபிள்யூ, ஈ, ஏ, வி, ஈ, ஆர்.

மூன்று தடவை கூட்டிப் பார்த்தாள். கையைக் கீழே இறக்கினாள். உள்ளே வந்தாள், கதவுக்குப் பின்னால் போகவில்லை. நேராக ஆதிகேசவன் முன்னால் போய் நின்று, பதினோரு வருஷத்தில் முதல் தடவையாக அவர் முகத்தை நிமிர்ந்து பார்த்தாள்.

"யூ கோ ஹோம்," என்றாள்.

ஆட்கள் கத்தியைக் கீழே வைத்துவிட்டார்கள். ஆதிகேசவனுக்கு முகத்தில் ஈயாடவில்லை. வழக்கப்படி குழந்தையைத் தேடினார்.

"பட்டம்மா, உங்கம்மா இன்னாடி சொல்றா?"

"தெரியல பெரீப்பா," என்றது குழந்தை. "ஆனா உங்களப் பாத்துத்தான் சொல்லிச்சு."